நாளைப்போவாரும் நண்பர்களும்

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், ஒரு சிறிய குவேக்கர் பள்ளியில் பத்து மாதம் தொண்டு வேலை செய்துவிட்டு வந்தேன். வந்த கொஞ்ச நாளில் சிற்றிதழ் நண்பர்கள் ஓர் அறைக் கூட்டம் வைத்து அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். முடித்ததும் ஒரு தோழர் எழுந்தார். நிறையப் படித்தவர், இடதுசாரிப் பின்னணி. சாதி இந்து என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் சாதி இந்துதான். 'இதுதாங்க நமக்கு வேணும். ஓட்டு இல்ல, கத்தல் இல்ல, கோஷம் இல்ல. எல்லாரும் அமைதியா ஒக்காந்து ஒருமனசா முடிவெடுக்கிறாங்க. தலித் இயக்கங்க இந்தப் பண்பாட்டக் கத்துக்கிட்டா சாதி ஒழிப்பு எங்கயோ போயிருக்கும்' என்றார். கைதட்டினார்கள். நான் சொன்னதில் பாதியைத்தான் அவர் காதில் வாங்கியிருந்தார். அவர் விட்டுவிட்ட பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வாங்கிக்கொண்ட பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுவும் பொய்யில்லை.

குவேக்கர்கள் 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் கிளம்பிய கலகக்காரர்கள். அவர்களைத் திரட்டிய ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒரு நெசவாளியின் மகன், செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர். பாதிரி வேண்டாம், ஞானஸ்நானம் வேண்டாம், ஒவ்வொரு ஆளுக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்றார்கள். தங்களை 'நண்பர்கள்' என்றே அழைத்துக்கொண்டார்கள்; சங்கத்தின் பெயரும் நண்பர்கள் சங்கம்தான். யார் முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். 1670-இல் லண்டனில் வில்லியம் பென் என்பவரையும் அவர் தோழரையும் விசாரித்தபோது, கழற்றியிருந்த தொப்பியை நீதிமன்றமே அவர்கள் தலையில் திரும்ப வைக்கச் சொல்லி, அப்புறம் ஏன் தொப்பியோடு நிற்கிறாய் என்று அபராதம் போட்டது. இந்த பென்தான் பிற்பாடு பென்சில்வேனியாவை நிறுவியவர்.

இன்னொன்றும் செய்தார்கள். தமிழில் 'நீ', 'நீங்கள்' என்று இருப்பதுபோல ஆங்கிலத்திலும் அப்போது இரண்டு சொற்கள் இருந்தன. பெரிய மனுஷனுக்கு ஒன்று, வேலைக்காரனுக்கு ஒன்று. குவேக்கர்கள் வேலைக்காரனுக்கான சொல்லை எடுத்து நீதிபதிக்கும் பிரபுவுக்கும் போட்டார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. ஊர்த்தெருவில் பத்து வயசுப் பொடியன் அவரை 'டேய்' போட்டுக் கூப்பிடுவான். தாத்தா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு 'சொல்லுங்க ஆண்ட' என்பார். ஒரு துண்டுக்கும் ஒரு தொப்பிக்கும் உள்ள உறவை எந்த வரலாற்று ஆசிரியரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பள்ளியில் எழுபது பிள்ளைகள்கூட இல்லை. வாத்தியார், தலைமையாசிரியர், சமையல்காரர் எல்லாரையும் பிள்ளைகள் பேர் சொல்லித்தான் கூப்பிடும். போன இரண்டாம் நாள் ஆறு வயசுப் பையன் ஒருத்தன் தாழ்வாரத்தின் அந்த முனையிலிருந்து என் பேரைச் சொல்லிக் கத்தினான். உடம்பு ஒரு நொடி விறைத்துவிட்டது. சின்னப் பிள்ளை வாயில் பெரியவர் பேர் வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தலைமையாசிரியரையும் அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான் என்பது உடம்புக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளியைச் சுத்தம் செய்கிற முறை. பேர் எழுதிய பட்டியல் சுவரில் தொங்கும். முதல் வாரமே என் பேர் கழிப்பறைக்கு நேரே இருந்தது. எங்கம்மா ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆயாவாக இருந்தவர். கூட்டுவது, தண்ணி எடுப்பது என்று காகிதத்தில் இருக்கும். கக்கூஸ் கழுவுவதும் அதற்குள்தான். 'நான் தொட்ட வெளக்குமாத்த நீ தொடக்கூடாது' என்று சொல்லிச் சொல்லியே என்னை எம்.ஏ. வரை தள்ளிக்கொண்டு வந்தவர். எனவே பட்டியலைப் பார்த்ததும் நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன், என்னால் முடியாது என்றேன். காரணம் கேட்காமல் 'வேறு வேலை எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார். திரும்பி வந்து பட்டியலை மறுபடி பார்த்தேன். என் பேருக்கு அடுத்து அவர் பேர். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் கழுவினோம். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து பீங்கானுக்குப் பின்னால் தேய்த்தார். ஐம்பது வயசு ஆள், வெள்ளைக்காரர், படித்தவர்.

அந்த டிசம்பரில்தான் (2022) ஈரோடு மாவட்டத்துச் செய்தி வந்தது. ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். கையில் பிரஷ்ஷோடு நின்றபடி செல்போனில் அதைப் படித்தேன். ஒரே வேலை. இங்கே முறை வைத்து எல்லாரும் செய்வது, அங்கே சாதி பார்த்துச் சிலரைச் செய்ய வைப்பது. இந்த வித்தியாசத்தை அறைக் கூட்டத்தில் சொன்னபோதுதான் தோழரின் கண் கலங்கியது. அவர் வீட்டுக் கழிப்பறையை யார் கழுவுகிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஆனால் கேளுங்கள், அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். 'அங்கயும் அதானா?' என்றார். 'இல்லம்மா, பெரிய வாத்தியாரும் கூடக் கழுவுறாரு' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: 'அவரு கழுவலன்னா வேலய விட்டுத் தூக்கிடுவாங்களா?' 'மாட்டாங்க.' 'அப்ப அது அவருக்கு வெளையாட்டு' என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காதவர் என் அம்மா. அந்தப் பள்ளியைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

தொண்டு வேலை என்பதும் அப்படித்தான். தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. என்னோடு இருந்த மற்ற இரண்டு பேரும் கல்லூரிக்குப் போகும் முன் ஒரு வருஷத்தைச் சும்மா விட்டுப் பார்க்க வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான். சம்பளமில்லாமல் வேலை செய்வது அவர்களுக்கு ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் அனுபவம். தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன்: 'தொண்டு' என்ற சொல்லுக்கு அடிமைத்தனம் என்றும் பழைய பொருள் உண்டு. சாமிக்கு அடிமையானால் தொண்டர். ஆண்டைக்கு அடிமையானால் அதற்கு நம் ஊரில் வேறு பேர், 'வெட்டி'. அதற்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை.

சரி, மௌனத்துக்கு வருவோம். தோழருக்கு அதுதானே பிடித்திருக்கிறது.

புதன்கிழமை காலையில் பள்ளி முழுக்க வழிபாட்டு அறையில் கூடும். சிலுவை இல்லை, படம் இல்லை, பீடம் இல்லை. பழைய மர பெஞ்சுகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி. எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளேயிருந்து உந்துதல் வந்தால் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம். பதில் சொல்லக்கூடாது, மறுக்கக்கூடாது. கடைசியில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு எழுவார்கள். பிள்ளைகள் முதல் பத்து நிமிஷம் நெளியும், பிறகு அடங்கும். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வீட்டிலோ காலனியிலோ இயக்கத்திலோ எனக்கு அப்படி ஒரு அரை மணி நேரம் கிடைத்ததில்லை.

சிக்கல் எங்கே என்றால், முடிவெடுப்பதும் இதே மௌனத்தில்தான். அவர்களுடைய கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. கூட்டத்தை நடத்துகிறவருக்குப் பேர் 'கிளார்க்'. (நம் தாலுகா ஆபீசில் அந்தப் பேரைக் கேட்டாலே நடுங்குகிறவர்கள் உண்டு, அங்கே அது மரியாதையான பதவி.) எல்லாரும் பேசி, பேசாமலிருந்து, கூட்டத்தின் உணர்வு இன்னது என்று கிளார்க் எழுதி வாசிப்பார். எல்லாரும் ஒப்பினால் முடிவு. யாராவது ஒருவர் மனசாட்சிப்படி குறுக்கே நின்றால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். மரத்தை அறுத்துக் காய வைப்பது மாதிரி விஷயமும் காய வேண்டும் என்பார்கள். 'வழி திறக்கும்' என்பார்கள். சிறுபான்மைக் குரலை ஓட்டுக் கணக்கில் நசுக்காத முறை என்று இதைப் புகழ்கிறார்கள். அந்தக் குறுக்கே நிற்கிறவர் யார்? தலித் வாசகர் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

வரலாற்றைப் பாருங்கள். 1688-இல், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுனில் குடியேறிய நாலு பேர் ஒரு மனு எழுதினார்கள். கறுப்பு மனிதரை வாங்குவதும் விற்பதும் நண்பர்களுக்கு அடுக்குமா என்று கேட்டது அந்த மனு. வட அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்து ஒரு மதச் சபைக்குப் போன முதல் எழுத்து இதுதான் என்கிறார்கள். மனு மாதக் கூட்டத்துக்குப் போயிற்று. இது எங்களுக்குப் பாரமான விஷயம் என்று அவர்கள் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் வருடாந்தரக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முடிவு சொல்லாமல் ஓரம் வைத்துவிட்டார்கள். வி.ஏ.ஓ.விடமிருந்து ஆர்.ஐ., ஆர்.ஐ.யிடமிருந்து தாசில்தார் என்று பட்டா மனு போட்டவனுக்கு இது புரியும். அந்தத் தாள் 1844-இல்தான் திரும்ப வெளிச்சத்துக்கு வந்தது.

ஏன் முடிவு சொல்லவில்லை? கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களிலேயே அடிமை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். தொப்பி கழற்றாத வில்லியம் பென்னும் அடிமை வைத்திருந்தவர்தான். அவர்கள் மனசு பக்குவப்படும்வரை சபை காத்திருந்தது. வாங்கி விற்கிறவர்களைச் சபைக் காரியங்களிலிருந்து ஒதுக்க 1758 வரை ஆயிற்று. அடிமை வைத்திருப்பவர் நண்பரே அல்ல என்று பிலடெல்பியாவின் வருடாந்தரக் கூட்டம் முடிவெடுத்தது 1776-இல். எண்பத்தெட்டு வருஷம்! எஜமானின் மனசாட்சி காய்ந்து பதமாவதற்குள் அடிமைகள் மூன்று தலைமுறை செத்துப்போனார்கள். அந்த எண்பத்தெட்டு வருஷத்து மௌன வழிபாட்டில் எத்தனை பேர் கைகுலுக்கி எழுந்திருப்பார்கள்.

நடுவில் ஒருத்தர் கத்தினார். பெஞ்சமின் லே. நாலடி உயரம், கூன் முதுகு. 1738-இல், நியூ ஜெர்சியில் நடந்த வருடாந்தரக் கூட்டத்தில், உள்ளே குடைந்த ஒரு புத்தகத்துக்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பையை வைத்துக்கொண்டு போய், வாளால் குத்தி, அடிமை வைத்திருந்த பெரியவர்கள் மேல் ரத்தம் போலத் தெறிக்க விட்டார். தூக்கி வெளியே போட்டார்கள். சபையிலிருந்து விலக்கினார்கள். அவரை விலக்கிய சபைகள் அவரைத் தங்களவர் என்று ஏற்றுக்கொள்ள இந்த 21-ஆம் நூற்றாண்டு வரை பிடித்தது. இப்போது அவர் பெருமை. பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பீட்ரூட் சாறு வைத்து அந்தக் காட்சியை நாடகம் போட்டார்கள். நானும் கைதட்டினேன். ஒருவேளை அடுத்த புதன்கிழமை யாராவது அப்படி எழுந்து கத்தினால் என்ன ஆகும் என்று பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் கேட்டேன். சிரித்தார்.

இதற்குப் பிறகாவது பிரச்சினை முடிந்ததா? அடிமைத்தனம் வேண்டாம் என்று சொல்வது வேறு, பக்கத்தில் உட்கார வைப்பது வேறு. இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாததா? கோயில் நுழைவுக்குக் கையெழுத்துப் போட்டவர் வீட்டில் நமக்குத் தனி டம்ளர் இருந்ததில்லையா? சாரா மேப்ஸ் டக்ளஸ் என்ற கறுப்புப் பெண் தன் தாயோடு பிலடெல்பியாவின் ஆர்ச் தெரு வழிபாட்டு இல்லத்துக்குப் போனவர். கறுப்பர்களுக்கென்று ஒரு பெஞ்சு ஒதுக்கியிருந்தார்கள். வேறு யாரும் தெரியாமல் வந்து அதில் உட்கார்ந்துவிடக்கூடாது என்று தடுக்க ஆள் இருந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மௌனமாக ஒளிக்குக் காத்திருக்க வேண்டும். தென் மாநிலத்து அடிமை எஜமானர் வீட்டில் பிறந்து குவேக்கரான கிரிம்கே சகோதரிகள் போய் அந்தப் பெஞ்சில் இவர்களோடு உட்கார்ந்தபோது அவர்களைக் கண்டித்தார்கள். சாரா டக்ளஸ் ஓர் ஆசிரியை. குவேக்கர்கள் கறுப்புப் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளியில் பல வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பள்ளிக்கூடம் கட்டிக் கொடுப்பார்கள், சம்பளம் கொடுப்பார்கள், பெஞ்சு மட்டும் தனி.

தங்கள் பிள்ளைகள் படித்த பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. பிற்பாடு ஒபாமாவின் மகள்கள் படித்த வாஷிங்டன் சிட்வெல் நண்பர்கள் பள்ளி, முதல் கறுப்பு மாணவரைச் சேர்த்தது 1956-இல். பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954-இல். மனசாட்சி நீதிமன்றத்துக்குப் பின்னால் இரண்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. இந்த வரலாற்றைத் தோண்டி எழுதியவர்களும் குவேக்கர்கள்தான். டோனா மெக்டேனியல், வனெஸ்ஸா ஜூலி என்ற இரண்டு பெண்கள் 2009-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'விடுதலைக்குத் தகுதி, நட்புக்கு இல்லை' என்று வரும். நண்பர்கள் சங்கத்தைப் பற்றி நண்பர்களே வைத்த தலைப்பு.

செவ்விந்தியர் என்று நாம் தப்பாகச் சொல்லும் அந்த மண்ணின் மக்களுக்கு நடந்தது இதைவிட மோசம். அவர்களை 'நாகரிகப்படுத்தும்' வேலையை 1869 முதல் அமெரிக்க அரசு பல இடங்களில் குவேக்கர்கள் கையில் கொடுத்தது. பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் விடுதிப் பள்ளிகளில் போட்டார்கள். டகோட்டா இனத்துச் சிறுமி சிட்கலா-ஷா, 1884-இல், எட்டு வயசில், இந்தியானா மாநிலத்தில் குவேக்கர்கள் நடத்திய அப்படி ஒரு பள்ளிக்குப் போனார். முடியை வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார். இழுத்து வந்து, நாற்காலியில் கட்டி, பின்னலை வெட்டினார்கள். அவர்கள் இனத்தில் முடியைக் குட்டையாக வெட்டுவது துக்கம் காக்கிறவர்களுக்கும் கோழைகளுக்கும் உரியது. வளர்ந்த பிறகு, 1900-இல், இதையெல்லாம் அவரே பத்திரிகையில் எழுதினார். நம் பெண்களின் தன்வரலாறுகள் வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே வந்த எழுத்து அது. நம்மில் யாராவது மொழிபெயர்க்க வேண்டும். கத்தரிக்கோல் பிடித்தவர்களும் ஒவ்வொருவருக்குள்ளும் ஒளி இருக்கிறது என்று நம்பியவர்கள்தான்.

இதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறார்கள். 2024-இல் அலாஸ்காவில் கேக் என்ற ஊரின் மக்களிடம் போய் மன்னிப்புக் கேட்டு 90,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். நம் சங்கர மடங்களிடமும் ஆதீனங்களிடமும் இதில் ஒரு பைசா அளவு எதிர்பார்க்க முடியுமா? முடியாது. அதனால்தான் குவேக்கர்களோடு சண்டை போடத் தோன்றுகிறது. பேசினால் காதில் விழும் என்கிற இடத்தில்தானே சண்டை போட முடியும்.

இனி என் கதை. பள்ளியின் கூடத்தில் ஒரு சுவர். சமாதானத்துக்காக உழைத்தவர்களின் படங்கள். காந்தி, மார்ட்டின் லூதர் கிங், 1963 வாஷிங்டன் பேரணியைக் கட்டி நடத்திய கறுப்புக் குவேக்கர் பேயார்ட் ரஸ்டின், இப்படி. குவேக்கர்களுக்குக் காந்தி மேல் உயிர். 1931-இல் லண்டனில் அவர்கள் தொடங்கிய இந்திய சமரசக் குழு காந்தியின் குரலைப் பிரிட்டிஷ் அரசுக்குக் கொண்டுபோவதையே வேலையாக வைத்திருந்தது. அதன் செயலாளர் அகதா ஹாரிசன் காந்தியின் நெருங்கிய நண்பர். சென்னையில் பெண்டிங்க் பள்ளியில் 1928 முதல் ஆசிரியையாக இருந்து, தமிழ் படித்து, பிறகு குவேக்கராகி சேவாகிராமம் போன மார்ஜரி சைக்ஸும் இந்த வரிசைதான். அம்பேத்கரைப் பற்றி அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில், கொலம்பியாவில், அங்கிருந்து ரயிலில் சில மணி நேரத் தூரத்தில் படித்தவர் அவர்.

நான் வந்ததிலிருந்து என்னை 'இந்தியக் கலாச்சாரம்' சொல்லித் தரச் சொன்னார்கள். தீபாவளிக்குக் கோலம் போடச் சொன்னார்கள். போட்டேன், ஒழியட்டும். 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பாடக் கமிட்டிக்குப் போனேன். இரண்டே கோரிக்கை: ஏப்ரல் 14 வரும் வாரத்தில் பெரிய பிள்ளைகளுக்குச் சாதி பற்றி ஒரு மணி நேர வகுப்பு, சுவரில் அம்பேத்கர் படம். எல்லார் முகமும் மலர்ந்தது. பெற்றோர் கருத்தையும் கேட்டுவிடலாம் என்றார்கள்.

பெற்றோரில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. கணினி வேலை, பெரிய வீடு. அந்தம்மா முதல் சந்திப்பிலேயே 'தமிழா? ஐயோ சந்தோஷம்!' என்று கையைப் பிடித்துக்கொண்டவர். எந்த ஊர் என்றார். சொன்னேன். அங்கே எந்தப் பக்கம் என்றார். சொன்னேன். கை தானாக விலகியது. பிறகு பார்க்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினார். கமிட்டிக்கு வந்தவர், தன் பிள்ளைக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாது, இந்த வகுப்பால் அவன் குற்றவாளிபோல் நிற்பான், அவனுக்குப் பாதுகாப்பு இருக்காது என்று அழுதார். பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுதார். அப்புறம் மௌனம். நான் பேசினேன். மறுபடி மௌனம். கிளார்க் மெதுவாக, நம் சமூகத்தில் ஒருவர் வேதனையில் இருக்கும்போது அவசரப்பட வேண்டாம், எல்லாரையும் ஒளியில் ஏந்திக் காத்திருப்போம் என்று வாசித்தார்.

மார்ச்சில் காத்திருந்தோம். ஏப்ரல் 14 போயிற்று. ஏப்ரல் கூட்டத்தில் விஷயம் இன்னும் காயவில்லை. மே மாதம் ஒரு துணைக் குழு போட்டார்கள். என் விசா ஜூனில் முடிகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் கதவைச் சாத்தவில்லை. தலைமையாசிரியர், என்னோடு கழிப்பறை கழுவினாரே அவர்தான், என் தோளைத் தொட்டு 'உங்கள் பொறுமை எங்களுக்குப் பாடம்' என்றார். பெரிய புராணத்தில் நந்தனாருக்கு என்ன பேர்? திருநாளைப்போவார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், கடைசியில் தீயில் மூழ்கித்தான் உள்ளே போக முடிந்தது. அவருடைய பொறுமையும் நமக்கு எட்டு நூற்றாண்டாகப் பாடமாகத்தான் இருக்கிறது.

தோழரே, இப்போது உங்களிடம் வருகிறேன். ஓட்டு இல்லை என்று சிலாகித்தீர்களே, சியாட்டிலில் நடந்தது ஓட்டெடுப்பு. 6-க்கு 1. தெருவில் நின்று கோஷம் போட்டு, அறைக்குள் கத்தி, கடைசியில் கையெண்ணிக்கை. குறுக்கே நின்றவர் நின்றபடியே நிற்க, சட்டம் வந்தது. அதே வருஷம் கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதித் தடை மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று அக்டோபரில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். ஓட்டு எப்போதும் ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோற்றால் யார் தோற்கடித்தார் என்று பேர் தெரியும். என் கமிட்டியில் என்னைத் தோற்கடித்தது யார் என்று ஒரு பேர் சொல்லுங்கள் பார்ப்போம். எல்லாரும் என் நண்பர்கள்.

1932-ஐ நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் தீர்ப்பில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி வந்தது. அதில் ஓர் ஓட்டு, பொதுத் தொகுதியில் ஓர் ஓட்டு. நம் வரலாற்றில் முதன்முதலாக எவன் மனசாட்சியும் பழுக்கக் காத்திருக்கத் தேவையில்லாத ஓர் ஆயுதம். செப்டம்பர் 20-இல் எரவாடா சிறையில் ஒருவர் அதற்குக் குறுக்கே படுத்தார், சாகும்வரை உண்ணாவிரதம் என்று. 24-ஆம் தேதி அம்பேத்கர் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. உலகத்துச் சமாதானச் சுவர்களில் எல்லாம் குறுக்கே படுத்தவர் படம் இருக்கிறது. அவர் மனசாட்சி எல்லாருக்கும் கேட்டது. நாலு நாளில் ஓட்டைப் பறிகொடுத்த ஜனங்களுக்கும் ஒரு மனசாட்சி இருந்ததே, அதை எந்தக் கூட்டத்தின் உணர்வில் எழுதி வாசித்தார்கள்?

ஒருமனசான முடிவு என்பது சமமானவர்களுக்கு இடையில் அழகான விஷயம். அந்தக் கழிப்பறைப் பட்டியல் அப்படித்தான் வந்திருக்கும், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆண்டையும் அடிமையும் ஒரே பெஞ்சில் உட்காராதபோது, ஆண்டை மனசு இளகும்வரை அடிமை சத்தம் போடாமல் இரு என்பதற்கு அது இன்னொரு பேர். கூட்டத்தில் கைதட்டியவர்களிடம் கேட்கிறேன்: நாங்கள் கத்துவதால்தான் சாதி ஒழியவில்லையா? அமைதியாக இருந்த இரண்டாயிரம் வருஷத்தில் எவ்வளவு ஒழிந்தது?

கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காரியம் செய்தேன். சமையல் அறையில் மத்தியான முறை என்னுடையது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே சுவர் காலியாக இருந்தது. ஊரிலிருந்து வந்த காலண்டரில் நீலக் கோட்டுப் போட்ட அம்பேத்கர் படம். அதை வெட்டி, தண்ணி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினேன். சமையல் அறைச் சுவருக்குக் கமிட்டி கிடையாது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பாத்திரம் கழுவ வரும், பத்துப் பன்னிரண்டு நிமிஷம். வந்தவர்கள் எல்லாம் யார் இது என்றார்கள். தட்டு தேய்த்தபடி சொன்னேன். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாத கதை, சாக்கு மேல் தனியே உட்கார்ந்து படித்த கதை. அந்தத் தமிழம்மாவின் பையனும் வந்தான். முழுக்கக் கேட்டான். அழவில்லை. அந்தப் பானையை யார் தொட்டு ஊற்றுவார்கள், அந்த ஆள் லீவு போட்டால் என்ன செய்வார் என்று கேட்டான். தண்ணி இல்லாமல் இருப்பார் என்றேன்.

கடைசி நாள் ஒரு கறுப்புப் பெண், ஏழாம் வகுப்பு, டம்ளரைத் துடைத்துக்கொண்டே படத்தைப் பார்த்தாள்.

'இவர் கொலம்பியாவில் படித்தவரா?'

'ஆமா.'

'அப்புறம் ஏன் இவர் இங்கே பாத்திரத் தொட்டிக்கு மேலே இருக்கிறார்? அந்தச் சுவரில்தானே இருக்கணும்?'

'அதுக்கு ஒரு துணைக் குழு இருக்கு' என்றேன்.

டம்ளரை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.